சொரெண்டோவில் கையில் ஒரு நாள்: காப்ரியா, அமால்ஃபியா, பொம்பெயியா?

இத்தாலியைப் பஸ்ஸில் குழுவாகச் சுற்றும் பயணங்களில் பெரும்பாலும் ஒரு நாளை மட்டும் நம் கையில் விட்டுவிடுவார்கள். தெற்கே நேப்பிள்ஸ் விரிகுடாப் பக்கம் வரும் பயணங்களில் அந்த நாள் சொரெண்டோ என்ற கடலோர ஊரில் அமையும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது டூர் மேனேஜர் ஒரு தாளோடு மேசை மேசையாக வருவார். “நாளை ஓய்வு நாள். காப்ரித் தீவுக்கு வருகிறவர்கள், அமால்ஃபி கடற்கரைக்கு வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோம ஊரான பொம்பெயியைப் பார்க்க வேண்டும் என்றால் ரயிலில் நீங்களே போய்வரலாம்” என்பார். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை தம்பதிகளின் முகம் வாடுகிறது என்று பார்த்திருக்கிறேன். எங்கள் முகமும் வாடியிருக்கிறது.

என் கணவருக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். ஒரு தூணைப் பார்த்தால் அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்தபிறகுதான் நகருவார். எனக்குக் கடல் வேண்டும், உட்கார ஒரு நிழல் வேண்டும். வலது முழங்கால் ஐந்தாறு ஆண்டுகளாகத் தொல்லை கொடுக்கிறது. இப்படிப்பட்ட இருவர் ஒரே நாளை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? முதல் பயணத்தில் குழுவோடு காப்ரிக்குப் போனோம். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே ஊருக்கு வந்தபோது அமால்ஃபி பயணத் திட்டத்திலேயே இருந்தது; ஓய்வு நாளைப் பொம்பெயிக்குக் கொடுத்தோம். மூன்றையும் பார்த்துவிட்ட தைரியத்தில் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு நாள் கையில் இருக்கிற தம்பதிக்கு இது உதவ வேண்டும் என்பதே என் ஆசை.

மூன்றில் எது அழகு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விடை கிடைக்காது. மூன்றுமே அழகுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மூன்றில் எதைக் குழுவோடு பார்த்தால் நன்றாக இருக்கும், எதைக் குழுவோடு பார்த்தால் கெட்டுப்போகும்? பஸ் பயணத்தில் நாம் பணம் கொடுப்பது பெட்டியைத் தூக்கவும், வழி தேடவும், சாலையில் வண்டி ஓட்டவும் வேறொருவர் இருக்கிறார் என்பதற்காக. அந்த உதவி எங்கே பெரிதாகத் தேவைப்படுகிறதோ அங்கே குழுவோடு போகலாம். எங்கே அது தேவையே இல்லையோ, எங்கே அது நம் காலைக் கட்டுகிறதோ, அந்த இடத்துக்குத்தான் நம் ஓய்வு நாளைத் தர வேண்டும். மீதி ஆறேழு நாட்களும் கொடி பிடித்தவர் பின்னால் நடக்கத்தானே போகிறோம்.

ஓய்வு நாளில் நம் பஸ் ஏன் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் சாதாரணமாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாள் ஓய்வு, வார ஓய்வு என்றும் கணக்கு உண்டு. ஆகவே நமக்கு விடுகிற நாள் பல சமயம் அவருக்கும் விடுகிற நாள். அன்றைக்கு வரும் வண்டி வேறு, ஓட்டுநர் வேறு. கூடுதல் கட்டணம் என்பதில் இதுவும் அடங்கியிருக்கிறது.

அமால்ஃபியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குழப்பமே இல்லை. அதைக் குழுவோடு பார்ப்பதே சரி.

மலைச்சரிவில் அரிந்து எடுத்தது போன்ற ஒரு சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல். 163ஆம் எண் நெடுஞ்சாலை என்று பெயர்தான் பெரிது. பல இடங்களில் இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். நம்முடைய பெரிய பஸ்ஸுக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால் சிறிய வண்டிக்கு மாற்றுவார்கள். அந்த ஊர் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு, எதிரில் வருகிறவரோடு கையசைவிலேயே பேசிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நாமே ஊர் பஸ்ஸில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். போகலாம். ஆனால் பருவ காலத்தில் சொரெண்டோ ரயில் நிலைய வாசலில் அந்த பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் மனம் மாறிவிடும். இடம் கிடைக்காமல் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டே போவது முழங்கால்காரர்களுக்கு ஆகாது. இங்கே குழு நமக்குத் தருவது ஓர் இருக்கை. அது பெரிய விஷயம்.

சொரெண்டோவிலிருந்து கிழக்கே போகும்போது கடல் வலது கைப்பக்கம் வரும். வலது ஜன்னல் கிடைத்தால் நல்லது. வளைவுகளில் வயிறு புரளுகிறவர்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் பால் காப்பியைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மாள் வழியில் உள்ள பொசித்தானோ ஊர் வரும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு அவர் கணவர் தோளில் சாய்ந்தவர்தான், அமால்ஃபி வரும் வரை திறக்கவில்லை. உடல் இப்படி என்று முன்பே தெரிந்தால் அந்தத் தம்பதி இந்தச் சாலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சொரெண்டோவிலிருந்து படகு உண்டு. கடலிலிருந்து பார்த்தால்தான் எலுமிச்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலையேறுவது முழுதாகத் தெரியும். போகும்போது சாலை, திரும்பும்போது படகு என்று ஏற்பாடு செய்கிற குழு கிடைத்தால் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிடலாம்.

அமால்ஃபி ஊர் இன்றைக்குச் சின்னது. ஒரு காலத்தில் வெனிஸைப் போல, ஜெனோவாவைப் போலத் தனிக் கடல் அரசாக இருந்தது. 1343இல் வந்த பெரும் கடல்கொந்தளிப்பு ஊரின் கீழ்ப்பகுதியையும் துறைமுகத்தையும் அழித்தது. பழைய செல்வத்தின் சாட்சியாகப் பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் நிற்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வார்த்துக் கொண்டுவந்தவை. அவற்றை அடைய 62 படிகள். நான் கீழே மண்டபத்து நிழலில் எலுமிச்சை ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருவருக்கும் குறையில்லை. ஆனால் நாள் முடிவில் கணக்குப் போட்டால், வெளியே இருந்த ஒன்பது மணி நேரத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வண்டிக்குள்தான் இருந்தோம். குழு நன்றாகச் செய்கிற காரியம் இது, குழு செய்யட்டும். ஓய்வு நாளை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

காப்ரி விஷயம் சிக்கலானது. அங்கேதான் நான் அதிகம் ஏமாந்தேன், அங்கேதான் அதிகம் மகிழ்ந்தேன்.

சொரெண்டோத் துறையிலிருந்து வேகப் படகில் அரை மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும். ஒரு வழிக் கட்டணமே தலைக்கு 20 யூரோவைத் தாண்டும். கரையில் இறங்கியதும் தொடங்குகிறது வரிசை. மலைமேல் இருக்கும் ஊருக்கு ஏற, பழனி விஞ்ச் மாதிரியே கம்பியில் இழுபடும் சிறு ரயில். அதற்கு ஒரு வரிசை. அங்கிருந்து அனகாப்ரி என்ற மேல் ஊருக்குப் போகிற குட்டி பஸ்ஸுக்கு இன்னொரு வரிசை. நீலக் குகைக்குப் படகில் போனால் குகை வாசலில் கடல்மேல் ஒரு வரிசை. அந்தக் குகையின் வாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்தான். சிறு துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு, படகோட்டி சங்கிலியைப் பிடித்து இழுக்க, சட்டென்று உள்ளே நுழைய வேண்டும். நீருக்கடியில் உள்ள திறப்பின் வழியாக வெயில் உள்ளே வருவதால் தண்ணீர் முழுவதும் நீல விளக்கு ஏற்றியதுபோல் ஒளிரும். உள்ளே இருப்பது ஐந்து நிமிடம். அலை கொஞ்சம் எழும்பினாலும் குகையை மூடிவிடுவார்கள்.

எங்களுக்கு நடந்தது அதுதான். முதல் நாள் இரவே குகையையும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டோம். காலையில் படகு குகை வாசல் வரை போயிற்று. முக்கால் மணி நேரம் அலையில் ஆடிக்கொண்டே காத்திருந்தோம். பிறகு இன்று இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அலைக்கு யாரும் பொறுப்பில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காலையில் காற்று எப்படி என்று பார்த்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கலாம். ஆகவே காப்ரிக்குப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: குகைக்கு முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். துறையில் இறங்கி, இன்று திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே முடிவு செய்யுங்கள்.

இப்போது மகிழ்ந்த கதை. அனகாப்ரியில் ஒரு கம்பிவட நாற்காலி இருக்கிறது. ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஒற்றை நாற்காலிகள். தரையில் குறித்த இடத்தில் நின்றால் நாற்காலி பின்னாலிருந்து வந்து நம்மை வாரிக்கொண்டு போகும். 589 மீட்டர் உயரமுள்ள சொலாரோ மலை உச்சிக்குப் பதின்மூன்று நிமிடப் பயணம். ஒருவருக்கு ஒரு நாற்காலி என்பதால் தம்பதி சேர்ந்து உட்கார முடியாது. அவர் முன்னால், நான் பின்னால். சத்தமே இல்லை. என் செருப்புக்குக் கீழே யாருடைய வீட்டுக் கொல்லையோ போகிறது: தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டிருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது, ஒரு பூனை என்னை நிமிர்ந்து பார்க்கிறது. முன்னால் போகிறவர் பாதி வழியில் திரும்பிக் கையைக் காட்டினார். நாற்பது வயதில் இருந்தவரைப் போல் தெரிந்தார். உச்சியில் இறங்கியதும் ஃபரலியோனி என்ற பாறைகள் மூன்றும் கடலில் எழுந்து நிற்பது காலடியில் தெரிந்தது. அன்றைய பொழுதில் என் முழங்காலுக்குச் சிரமமே தராத காட்சி அது ஒன்றுதான். அதற்காகவே அந்தத் தீவுக்கு மறுபடியும் போவேன்.

ஆனால் உச்சியில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். இரண்டரை மணிக்குக் கீழே சதுக்கத்தில் கூட வேண்டும், மூன்றரைக்குப் படகு. இறங்கும் வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ரோமப் பேரரசர் திபேரியஸ் கி.பி. 27இல் இந்தத் தீவுக்கு வந்தவர், அதற்குப்பின் ரோமுக்குள் திரும்பவே இல்லை; 37இல் இறக்கும் வரை இங்கிருந்தபடியே பேரரசை ஆண்டார். அவருடைய அரண்மனைச் சிதைவுகள் தீவின் கிழக்குக் கோடியில் உள்ளன. அங்கே போக நடைதான் வழி, குழுவுக்கு அதற்கு நேரமில்லை. என் கணவர் அந்தத் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

அன்று நாங்கள் தீவில் இருந்தது ஆறரை மணி நேரம். வரிசையிலும் படகிலும் காத்திருப்பிலும் போனது மூன்றரை மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணி. உண்மையில் பார்த்தது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். குழு இங்கே நமக்கு எதை மிச்சப்படுத்துகிறது என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பது பேரும் ஒரே விஞ்சுக்குத்தான் நிற்க வேண்டும். கடைசி ஆள் ஏறி வரும் வரை மீதிப்பேர் காத்திருக்க வேண்டும். காப்ரிக்குப் போவதானால் முதல் படகில் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். துறையிலிருந்து நேராக அனகாப்ரி, நேராக நாற்காலி, உச்சியில் ஒன்றரை மணி நேரம். குகையை மறந்துவிடுங்கள். பகல்நேரப் படகுகளில் கூட்டம் வந்து இறங்கும் முன்பே பெரும்பகுதி முடிந்துவிடும். மாலைப் படகு வரை நேரம் இருந்தால், நடக்க முடிந்தவர்கள் திபேரியஸின் அரண்மனைக்கும் போய்வரலாம். காற்று பலமாக இருந்தால் படகுகளையே நிறுத்துவார்கள் என்பதால், மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் தீவுக்குப் போவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி பொம்பெயி. இரண்டாவது பயணத்தில் அந்தத் தாளோடு டூர் மேனேஜர் வந்தபோது, என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். “முழங்கால் என்ன சொல்கிறது?” என்றார். “நீங்கள் தட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் நான் உட்கார இடம் இருந்தால் வருகிறேன்” என்றேன். அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டுதான் போனோம்.

இது ரயில் பயணம். சொரெண்டோ நிலையம்தான் அந்தப் பாதையின் முதல் நிலையம், ஆகவே உட்கார இடம் கிடைக்கும். அரை மணி நேரத்தில் ‘பொம்பெய் ஸ்காவி’ என்ற நிலையம். ஸ்காவி என்றால் அகழாய்வு. நிலையத்திலிருந்து கடற்கோட்டை வாசல் இரண்டு நிமிட நடை. கட்டணம் சில யூரோக்கள்தான். வண்டி பழையது, நேப்பிள்ஸ் நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும், பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சிரமம். யாருடைய உதவியும் இதற்குத் தேவையில்லை. போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் சுரங்கங்களுக்கு இடையே கடல் தெரியும்.

வழியில் காஸ்தெல்லாமாரே என்ற நிலையம் வரும். பழைய பெயர் ஸ்டேபியே. அங்கேதான் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி இறந்தார். பொம்பெயியைப் புதைத்த வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்தபோது, விரிகுடாவின் மறுமுனையில் கடற்படைத் தலைவராக இருந்தவர், கப்பல்களை எடுத்துக்கொண்டு மக்களைக் காப்பாற்ற வந்தார். இதே பிளினிதான் இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று குறைப்பட்டு எழுதியவர். காரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று மிளகைப் பார்த்து வியந்தவரும் அவரே. நம் கடற்கரைக்கு யவனர் கொண்டுவந்து கொட்டிய பொன்னுக்குக் கணக்குச் சொன்ன மனிதர், இந்தச் சின்ன ரயில் நிலையம் இருக்கிற ஊரின் கரையில் சாம்பல் மழையில் மூச்சடைத்து விழுந்தார் என்று என் கணவர் சொன்னபோது, நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன். துவைத்த துணிகள் தொங்கும் அடுக்குமாடிகள்தான் தெரிந்தன.

பொம்பெயியில் 1938இல் தந்தத்தாலான ஒரு சிறு பெண் உருவம் கிடைத்தது. இந்தியாவில் செதுக்கியது. லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சியாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அது பொம்பெயியில் இல்லை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளைத் தேடிக்கொண்டு அங்கே அலையாதீர்கள். ஆனால் அவள் வந்து சேர்ந்த தெருவில் நடக்கிறோம் என்ற நினைப்போடு நடக்கலாம்.

குழுவோடு வந்தால் இந்த ஊருக்கு ஒதுக்குவது பொதுவாக இரண்டு மணி நேரம். காதில் கருவி மாட்டிக்கொண்டு, சந்தை வெளி, குளியல் கூடம், விலைமாதர் இல்லம், ஒரு ரொட்டிக்கடை, வெளியே வந்தால் நினைவுப் பொருள் கடை. தோண்டப்படாத பகுதியையும் சேர்த்து 66 ஹெக்டேர் விரிந்த ஊர் அது. மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. 1748இல் தொடங்கிய தோண்டல் இன்றும் நடக்கிறது. ஓர் ஊரை ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. இதைத்தான் குழு கெடுக்கிறது என்கிறேன்.

எங்களுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போதே நின்றோம். தெருவின் கருங்கற்களில் வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. தெருவைக் கடக்க நடுவே உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள், காலில் சகதி படாமல் தாண்டலாம். அவற்றுக்கு நடுவே சக்கரம் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். தெரு முனைகளில் கல் தொட்டிகள், சிலவற்றில் இன்றும் தண்ணீர் வருகிறது, பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம். அப்படி ஒரு தொட்டியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விழும் வாய்க்குப் பக்கத்தில் தொட்டியின் விளிம்புக் கல் மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை. என் கணவர் வந்தார், தண்ணீர் குடிக்கக் குனிந்தார், விழாமல் இருக்க இடது கையை விளிம்பில் ஊன்றினார். கை நேராக அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. அப்படியே நின்றுவிட்டார். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் எல்லாரும் அதே இடத்தில் கையை ஊன்றியிருக்கிறார்கள். அந்தக் கைகள் தேய்த்த குழி அது. நானும் எழுந்துபோய் என் கையை வைத்துப் பார்த்தேன். கல் குளிர்ந்திருந்தது, மழமழவென்று இருந்தது. எங்கள் பின்னால் மூன்று குழுக்கள் கொடியோடு கடந்து போயின, ஒருவரும் நிற்கவில்லை. அவர்களுக்கு நிற்க நேரமில்லை.

1863இல் ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர், சாம்பலுக்குள் உடல்கள் மக்கி விட்டுச்சென்ற வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி வார்ப்பெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வார்ப்புகளில் பதின்மூன்றை ஊரின் தெற்குக் கோடியில் ஒரு தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். அங்கே நிற்கும்போது புகைப்படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் போகும்போது ஒரு நிமிடம் கைப்பேசியை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நிழல் மிகக் குறைவு. கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், தட்டையான தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் போகவே கூடாது. வாசலிலேயே ஓர் ஏற்றம் இருக்கிறது. 30 செ.மீ.க்கு 30 செ.மீ.க்கு 15 செ.மீ. என்ற அளவுக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, பெயர் பதித்த டிக்கெட் தருகிறார்கள். ஆகவே முன்னதாகவே இணையத்தில் எடுத்துக்கொண்டு, அடையாளச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நண்பகலில் அங்கே இருப்பது உடலுக்கு ஆகாத காரியம். இரத்த அழுத்தம், மயக்கம் உள்ளவர்கள் 11 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், அல்லது அந்த மாதங்களில் காப்ரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். முழங்கால் விஷயத்தில் நான் செய்தது இதுதான்: எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விட்டேன். நாடக அரங்கின் கல் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த நேரத்தில் ஊர் மதிலுக்கு வெளியே இருக்கும் மர்ம மாளிகையின் சுவரோவியங்களைப் பார்க்கப் போய்வந்தார். போகும்போது எங்கே சந்திப்பது, எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டோம். ஒரு மணி நேரம் பிரிந்திருப்பதில் தவறே இல்லை. அவர் வந்து சொன்ன சிவப்பு நிறம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது, நான் பார்க்காவிட்டாலும்.

செலவையும் பார்த்துவிடலாம். இரண்டு பேருக்கு ரயிலும் நுழைவுக் கட்டணமும் சேர்த்தால், காப்ரிக்குப் போய்வரும் படகுக் கட்டணத்தைவிடவும் குறைவு. குழுவின் காப்ரிச் சுற்றுக்கு நாங்கள் கொடுத்தது அந்தப் படகுக் கட்டணத்தைவிட வெகு அதிகம். மிஞ்சிய பணத்தில் ஒரு நல்ல வழிகாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும், விலையை முன்பே பேசிவிட வேண்டும். ஒன்றும் படிக்காமல் போகிறவர்களுக்கு அது அவசியம் என்பேன். வழிகாட்டி இல்லாவிட்டால் அந்த ஊர் சிலருக்கு வெறும் சுவராகத் தெரியக்கூடும்.

ஆகவே என் வரிசை: இருவரில் ஒருவருக்காவது பழமையில் ஆர்வம் இருந்து, வெயில் தாங்கக்கூடிய மாதமாகவும் இருந்தால், பொம்பெயி, நீங்களாகவே, காலை ரயிலில். இருவருக்குமே கற்களில் நாட்டமில்லை, கடலில் காற்றும் அமைதியாக இருக்கிறது என்றால், காப்ரி, அதுவும் நீங்களாகவே, முதல் படகில். இருவரில் ஒருவருக்கு நடக்கவே முடியாது என்றால், அமால்ஃபி, குழுவோடு, ஜன்னல் இருக்கையில். காலையில் பொம்பெயி, மதியம் வெசூவியஸ் உச்சி என்று இரண்டையும் சேர்த்து விற்கிற சுற்றுக்கு மட்டும் போகாதீர்கள். இரண்டிலும் பாதிதான் கிடைக்கும், முழங்கால் முழுதும் போய்விடும். மலையைக் கீழிருந்தே எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

பொம்பெயியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு லாபம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மாலை கையில் மிஞ்சுகிறது. நாங்கள் இரண்டரை மணி ரயிலில் சொரெண்டோ திரும்பினோம். குளித்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினோம். மூன்று இரவுகள் தங்கிய ஊரை அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். உருளைக்கிழங்கு உருண்டைகளைத் தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் சேர்த்து மண்சட்டியில் வேகவைத்துக் கொடுக்கிற ‘ஞோக்கி’ இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது; சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல உணவு, சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். பிறகு பாறை விளிம்பில் இருக்கும் பொதுப் பூங்காவுக்குப் போனோம். கீழே செங்குத்தாகக் கடல். எதிரே விரிகுடாவின் அந்தப் பக்கத்தில் வெசூவியஸ் நீலமாக நின்றது. காலையில் அதன் அடிவாரத்தில் இருந்தோம் என்று நம்ப முடியவில்லை.

காப்ரிக்குப் போன குழுவினர் மாலை ஏழு மணிக்குத் துறையிலிருந்து லிஃப்டில் மேலே வந்தார்கள். குகை அன்று திறந்திருந்ததாம். ஓர் அம்மாள் கைப்பேசியில் அந்த நீலத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, மனதாரச் சொன்னேன். “நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டார். என் கணவர் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கிண்ணம் போலக் கவிழ்த்துக் காட்டினார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி, அந்தத் தொட்டியின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.